நிற்கத் தெரியாத படங்கள்

1

நம் பத்திரிகையின் வலைத்தளத்துக்கான மாதிரிப் பக்கம் சென்ற மாதம் எனக்கும் வந்து சேர்ந்தது. அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது அபிப்பிராயம் அல்ல, ஆசீர்வாதம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்தைத் திறந்ததும் பத்திரிகையின் பெயருக்கு மேலிருந்து ஓர் இறகு ஆடி ஆடி இறங்குகிறது. கீழே வந்து தொடுவதற்குள் மறைந்து, மறுபடி மேலே தோன்றி இறங்குகிறது. வலது ஓரத்தில் நம்மோடு இருந்து மறைந்த கவிஞரின் புகைப்படம். அதன் அடியில் ஒரு குத்துவிளக்கு. சுடர் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்திய கவிதை ஒன்றின் பக்கத்தில் 'புதிது' என்ற சொல் சிவப்பாக மினுங்கி அணைகிறது. உச்சியில் சந்தா விவரம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. இவற்றுக்கு நடுவில் எங்கோ கவிதையும் இருக்கிறது. எட்டே வரி. நான்கு தடவை படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் வரியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் இறகு வந்துவிட்டது.

ஆட்சேபித்து எழுதினேன். மூன்று பதில்கள் கிடைத்தன. ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்றார் ஒருவர். நம் மரபே அசைவும் அலங்காரமும்தான், வெள்ளைக்காரனின் வெறும் சுவரை நம் தலையில் கட்டாதே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் என் கட்சிதான். ஆனால் என்னைவிடத் தீவிரம். அசைகிற படம் என்பதே ஆபாசம், ஒன்றுவிடாமல் தூக்கி எறிய வேண்டும் என்றார். மூன்றும் தவறு என்பது என் எண்ணம். நண்பர்கள்தானே என்று மூன்றையும் விட்டுவிட்டால் இறகு விழுந்துகொண்டேயிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

2

"தினம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்க்கிறவர் நீங்கள். அசைந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கா சொல்லவேண்டும்?" என்று எழுதியிருந்தார் முதல் நண்பர்.

பார்க்கிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, கடற்கரையை ஒட்டிய ஒரு கிளைக்குப் போய்வருகிறேன். நவம்பர் மாதம் ஆயுள் சான்றுக்காக ஓய்வூதியர்கள் வரும் காலம். ஒரு நாள் எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் பேரனோடு வந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனின் கைபேசியில் ஓர் அலுவலகத்தின் வலைப்பக்கம். ஓய்வூதியர்களுக்கான அறிவிப்பு அதில் ஓடும் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மையார் விரல் வைத்துப் படிக்கிறவர். வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். பழக்கப்படி ஓடும் எழுத்தின் மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் வேறு ஏதோ பக்கம் திறந்துகொண்டது. பேரன் பழைய பக்கத்தைக் கொண்டுவந்தான். மறுபடி விரலை வைத்தார். மறுபடியும் போய்விட்டது.

"இது எப்ப நிக்கும், தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"நிக்காதும்மா" என்றேன். நானே வாங்கிப் படித்துச் சொன்னேன். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவன், தினம் ஆயிரம் எண்களைக் கண்ணால் துழாவுகிறவன். எனக்கும் கடைசித் தேதி முதல் சுற்றில் தப்பியது; இரண்டாம் சுற்றில் பாதி கிடைத்தது; மூன்றாவதில்தான் பிடிபட்டது.

இந்த அம்மையார்தான் என் நண்பர் சொல்லும் 'ஜனங்கள்'. அசைவு அவருடைய கண்ணை இழுத்தது என்பதில் சந்தேகமில்லை. ஓரக்கண்ணில் எது அசைந்தாலும் பார்வை அங்கே போகும். புதரில் புலி அசைந்த காலத்திலிருந்து உடம்பு இதைக் கற்று வைத்திருக்கிறது. இது ரசனை அல்ல, அனிச்சை. முதுகில் தட்டினால் ஒருவன் திரும்பிப் பார்ப்பான். அதை வைத்து, தட்டுவது அவனுக்குப் பிடிக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த நண்பர்கள். நின்ற எழுத்தை வாசகன் தன் வேகத்தில் படிக்கிறான். தயங்குகிறான், திரும்பிப் போகிறான், ஒரு சொல்லில் உட்கார்ந்துகொள்கிறான். ஓடும் எழுத்தில் வேகத்தை வேறு எவனோ தீர்மானிக்கிறான். அந்த எவனோ எப்போதும் வேகமாகப் படிக்கத் தெரிந்தவன். கஷ்டப்பட்டுப் படிக்கிறவன் கணக்கில் அவன் வேகத்தை அமைப்பதில்லை. ஜனங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஜனங்களையே வெளியே நிறுத்துவது இதுதான்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 'ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கும்' என்ற வாக்கியம் நமக்குப் புதிதல்ல. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோதும், 1970இல் 'கசடதபற' வந்தபோதும் வணிகப் பத்திரிகைக்காரர்கள் சொன்ன அதே வாக்கியம். அவர்கள் அட்டைப்படத்துக்கும் தொடர்கதைக்கும் சொன்னார்கள். இன்று அதைச் சொல்கிறவர் நம் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார். அவர்களுக்காவது விற்பனை இருந்தது. முந்நூறு பிரதி அச்சடித்து நூறைக் கட்டித் திண்ணையில் வைத்திருக்கும் நமக்கு எந்த ஜனங்களை வசீகரிக்க இந்த இறகு?

ரசனையோடு மட்டும் முடிகிற விஷயமும் அல்ல இது. 1997 டிசம்பரில் ஜப்பானில் 'போக்கிமான்' என்ற கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அறுநூறுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மின்னும் ஒளி வலிப்பைக் கிளப்பிவிடும். இன்னும் பலருக்கு ஓயாத அசைவு தலைசுற்றலையும் குமட்டலையும் கொடுக்கும். வலைப்பக்கங்களுக்கு உலக அளவில் நெறி வகுக்கும் அமைப்பு 2008இல் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எதுவும் ஒரு வினாடியில் மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது. மற்ற விஷயங்களுக்குப் பக்கத்தில் தானாக ஆரம்பித்து ஐந்து வினாடிக்கு மேல் அசைகிற எதற்கும், நிறுத்தவோ மறைக்கவோ வாசகனுக்கு வழி இருக்க வேண்டும். இந்திய அரசின் வலைத்தளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. அதுவும் இந்த நெறிகளை ஒட்டியதுதான். சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்ட நாகரிகம் சிறுபத்திரிகைக்கு ஏறவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

3

இரண்டாம் நண்பரின் பதில் அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. கோபுரத்தில் இடம் விடாமல் சுதை நிற்கிறது, தேர் ஆடி வருகிறது, நடராஜனே ஆடுகிறான், அமைதியான வெள்ளைப் பக்கம் நமக்கு அந்நியம் என்கிறார். 'மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எதிர்க்கிறீர்களே' என்று ஒரு குத்தும் வைத்திருந்தார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதனால்தான் எதிர்க்கிறேன்.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு அவர் மறுபடி ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். ஒரு சுவரில் போர். தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுத்திருக்கிறாள். கணங்கள் முன்னால் பாய்கின்றன. எருமைத் தலையோடு மகிஷன் கையில் கதையைப் பிடித்தபடி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்திருக்கிறான். தோற்கத் தொடங்கிவிட்டான், ஆனால் இன்னும் தோற்கவில்லை. அம்பு விடப்படவில்லை. அந்தச் சாய்வில் போர் முழுவதும் இருக்கிறது. எதிர்ச்சுவரில் விஷ்ணு அரவணையில் படுத்திருக்கிறார். காலடிப் பக்கம் மதுவும் கைடபனும் ஆயுதத்தோடு திமிறி நிற்க, அவர் அசையவில்லை. ஒரு குகையில் எதிரெதிரே இரண்டையும் வைத்தவனுக்கு, அசைவைத் தெரிந்துகொள்ள நிச்சலனம் பக்கத்திலேயே வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எல்லாச் சுவரிலும் போர் நடந்தால் எங்கும் போர் இல்லை.

ஜெர்மானிய விமர்சகர் லெஸ்ஸிங் 1766இல் 'லவோகூன்' என்ற நூலில், சிற்பி உச்சக் கணத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வாதித்தார். உச்சத்தைக் காட்டிவிட்டால் பார்க்கிறவனின் கற்பனைக்கு மேற்கொண்டு போக இடமில்லை என்பது அவர் கட்சி. அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாலேயே இங்கே ஒருவன் அம்பை நாணிலேயே நிறுத்திவிட்டான். இதே ஊரில் திரௌபதி ரதத்தில், வெட்டுண்ட எருமைத் தலையின் மேல் தேவி நிற்கும் உருவமும் உண்டு. அது வழிபடுவதற்கான உருவம். போர் முடிந்துவிட்ட உருவம். எதற்கு எந்தக் கணம் என்ற விவேகம் பல்லவச் சிற்பிக்கு இருந்தது.

இந்தப் போரை ஓர் அசையும் படமாக்கிப் பார்ப்போம். அம்பு பாய்கிறது, மகிஷன் விழுகிறான், மறுபடி எழுந்து நிற்கிறான், அம்பு பாய்கிறது, விழுகிறான். நாள் முழுக்க அவன் சாவதுமில்லை, பிழைப்பதுமில்லை. சுழற்சியில் ஓடும் படம் காலத்தைக் காட்டுவதாகத் தோன்றும். உண்மையில் அதில் காலமே கிடையாது. செக்குமாடு நாளெல்லாம் நடக்கிறது, எந்த ஊரும் போய்ச் சேர்வதில்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவர். உளிச் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவர். மகன் அவர் பட்டறைக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருக்கிறான். "பாருங்க சார், சாமி ஆடுது" என்று காட்டினார். ஆடத்தான் செய்தது. நடராஜரின் தூக்கிய திருவடி மேலும் கீழும் போய்வந்தது, சைக்கிள் மிதிப்பதுபோல. கொஞ்சம் தள்ளி, பட்டறையில், அவரே பல மாதம் உழைத்துச் செதுக்கிய கருங்கல் நடராஜர் நின்றிருந்தார். அந்தக் கால் தூக்கியது தூக்கியபடி இருக்கிறது. அது இறங்கப் போகிறதா, இன்னும் உயரப் போகிறதா என்று சொல்ல முடியாது. அதைத்தான் அவர் பல மாதம் செய்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "கல்லு தேவல இல்ல சார்?" என்றார். விமர்சகனாக நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியங்களில் ஒன்று அது.

பல்லவன் அசைவையே விலக்கினானா என்றால், அதுவும் இல்லை. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறக்கம் என்றும் சொல்லப்படும் அந்தப் பெரும் பாறை ஏறக்குறைய 90 அடி நீளம். நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். யானையின் காலடியில் குட்டிகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், தவசி வேஷம் போட்டு நிற்கும் பூனை. எல்லாம் கல், எதுவும் அசையாது. நடுவில் ஒரு பிளவு, அதில் நாகர்கள். பிளவுக்கு மேலே நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளம் உண்டு. விசேஷ காலங்களில் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள், அது நாகர்களின் மேல் வழிந்து கீழே இறங்கியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் 90 அடிப் பாறையில் அசைந்தது ஒன்றே ஒன்று. அதுவும் எது அசைந்தாக வேண்டுமோ அது. ஆறு. அதுவும் எப்போதும் அல்ல. அந்தத் தண்ணீர் வரும்போது மொத்தப் பாறையும் உயிர் பெற்றிருக்கும். இன்றைய வலைத்தள வடிவமைப்பாளனிடம் அந்தப் பாறையைக் கொடுத்திருந்தால் யானையின் காதை ஆட்டியிருப்பான், பூனையின் வாலை ஆட்டியிருப்பான், ஆற்றை மறந்திருப்பான்.

தேரைப் பற்றியும் சொல்கிறார். நான் தினம் கடக்கும் திருக்கழுக்குன்றத்தில் சித்திரையில் தேர் ஓடும். மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கும். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் திருவிழா ஒழுங்காக நடந்தது என்று ஊர் மூச்சு விடும். அதே ஊர் மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து அமுது உண்டுபோகும் என்று படியேறிக் காத்திருந்தார்கள். பறவையியல்காரர்கள் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. வந்த காலத்தில் நாளுக்கு ஒரு தடவை வந்தன. ஜனங்கள் கண்ணை வானத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். சுற்றுலாப் பக்கம் ஒன்றில் இரண்டு கழுகுகள் இரவு பகலாகச் சிறகடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நிஜக் கழுகுகள் வராமல் போனதைவிட அது எனக்குத் துக்கமாக இருந்தது. நம் மரபில் அசைவு அபூர்வமாக இருந்தது. அதனால்தான் அது திருவிழா. தினமும் தேரோட்டுகிறவன் மரபுக்காரன் அல்ல, லாரிக்காரன்.

4

இனி என் கட்சிக்காரர். அசைகிற எல்லாவற்றையும் எடுத்தெறி என்கிறார். இதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு துறவியின் ஆனந்தம் இருக்கிறது. அவரோடுதான் எனக்குச் சண்டை அதிகம். மற்ற இருவருடைய தவறு கண்ணுக்குத் தெரிகிறது. இவருடையது நல்ல ரசனை என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது.

குகைக்கு மேலே கலங்கரை விளக்கம் இருக்கிறது என்றேன். அதுவும் மினுக்குகிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென்று ஒரு மினுக்குக் கணக்கு உண்டு. கடலில் இருப்பவன் அதை எண்ணிப் பார்த்து இது எந்தக் கரை என்று தெரிந்துகொள்கிறான். அந்த மினுக்கல் ஒரு சொல். நின்று எரியும் விளக்கு அதைச் சொல்லாது. 'புதிது' என்று மினுக்குகிறதே நம் பக்கத்தில், அது எதைச் சொல்கிறது? அந்த இடத்தில் ஒரு தேதியைப் போட்டால் போதும். மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று தேதி உண்மையைச் சொல்லிவிடும். மினுக்கல் பொய் சொல்கிறது. இரண்டும் மினுக்கல்தான் என்று ஒரே கூடையில் போடுகிறவருக்கு விமர்சனம் எதற்கு?

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த சிக்குக் கோலத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கோடு எங்கே தொடங்கி, எந்தப் புள்ளியை வளைத்து, எப்படித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது என்று பிடிபடாது. தாம்பரத்தில், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இருந்தார். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகளைப் பற்றி எழுதியவரும் அவரே. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் கோலத்தைக் கணினி இயலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். கோலம் என்பது படம் மட்டுமல்ல, கையின் பாதையும்கூட என்று எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்த ஒன்று கணிதமாயிற்று. இந்தப் பாதையைக் காட்ட அசையும் படத்தைவிடப் பொருத்தமானது எது? புள்ளிகள் முதலில், பிறகு கோடு மெதுவாகக் கிளம்பி, வளைந்து, மூடிக்கொள்கிறது. அப்புறம் நிற்கிறது. கோலம் போட்டு முடித்தவள் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். போட்டதை அழித்து அழித்து அதே கோலத்தை மறுபடி போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தார் வேறு மாதிரி நினைப்பார்கள்.

நம் மாதிரிப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. இளைய நண்பர் ஒருவர், கல்வெட்டு எழுத்து பற்றிய தம் கட்டுரைக்கு 'க' என்ற எழுத்தை ஏழு படங்களாக வரைந்து சேர்த்திருக்கிறார். தமிழ்ப் பிராமியில் அது வெறும் கூட்டல் குறி. அதன் தலையும் கைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, மூடி, இன்றைய 'க' ஆகின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு படத்தையும் வரிசையாக அச்சடித்தால் ஏழு எழுத்துகள்தான் கிடைக்கும். மாற்றம் என்பது படங்களுக்கு இடையில் இருக்கிறது. அசைவு அந்த இடையைத்தான் காட்டுகிறது. இதையும் இறகோடு சேர்த்து எறியச் சொல்கிறார் நம் துறவி.

இங்கே புதுக்கவிதைக்காரர்களாகிய நமக்கு ஒரு பழைய சொல் உதவும். தமிழில் 'அசை' என்றால் அசைவு. யாப்பில் நேரசை, நிரையசை. இலக்கணக்காரர் இன்னொன்றும் சொன்னார்: அசைநிலை. தனக்கென்று பொருள் இல்லாமல் செய்யுளில் வந்து நிற்கும் இடைச்சொல். எத்தனையோ புலவர்களுக்கு அது இடம் அடைக்கக் கைகொடுத்தது. நாம் செய்யுளை விட்டு வெளியே வந்தது எதற்காக? ஓசையே வேண்டாம் என்றா? லயமில்லாத கவிதையை யாரும் கேட்கவில்லை. இடத்தை அடைக்கச் சொல்லைப் போடாதே, ஒவ்வொரு சொல்லும் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நம் வாதமாக இருந்தது. அதே அளவுகோல்தான் இங்கேயும். இறகும் விளக்கும் ஓடும் சந்தா விவரமும் அசைநிலை. 'க' ஒரு சொல். கவிதையில் ஒரு 'அரோ'வைச் சகிக்காத நாம், அந்தக் கவிதையின் தலைமேலேயே நாளெல்லாம் ஓர் 'அரோ'வை ஆடவிட்டிருக்கிறோம்.

5

தொழில்நுட்பம் அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கிறவர்களுக்கு ஒரு விவரம். ஜிஃப் என்ற பட வடிவம் 1987இல் கம்ப்யுசர்வ் நிறுவனத்தில் பிறந்தது. 1989இல் திருத்தியபோது, ஒரு கோப்புக்குள் இருக்கும் பல படங்களை இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வழி வந்தது. திரும்பத் திரும்ப ஓடும் வசதி அதில் இல்லை. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்புதான் அதைக் கொண்டுவந்தது. எத்தனை தடவை ஓட வேண்டும் என்று கோப்புக்குள் ஓர் எண் எழுதலாம். 65,535 வரை எதையும் எழுதலாம். பூஜ்யம் போட்டால் முடிவே இல்லாமல் ஓடும். அந்த இணைப்பையே சேர்க்காவிட்டால் ஒரு தடவை ஓடி, கடைசிப் படத்தில் நின்றுவிடும்.

ஆகவே நிற்காமல் ஓடுவது ஜிஃபின் இயல்பு அல்ல. எவரோ பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார். நம் இறகின் கோப்பில் அந்தப் பூஜ்யத்தை எழுதியவருக்கு அது பூஜ்யம் என்றே தெரியாமல் இருந்திருக்கலாம். கருவி கேட்டது, சரி என்று அழுத்தியிருப்பார். தெரியாமல் செய்த தேர்வையும் தேர்வு என்றுதான் விமர்சனம் எடுத்துக்கொள்ள வேண்டும். யோசிக்காமல் போட்ட எதுகைக்கு நாம் யாரையாவது மன்னித்திருக்கிறோமா?

வாசகன் பக்கத்தில் இன்னொரு கதவும் உண்டு. இன்றைய கைபேசிகளிலும் கணினிகளிலும் 'அசைவைக் குறை' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தலைசுற்றுகிறவர்கள் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வலைப்பக்கம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2017 முதல் உலாவிகள் ஒவ்வொன்றாக இதற்கு வழி செய்தன. ஆனால் சும்மா ஒட்டிவைத்த ஜிஃப் அதைக் கேட்பதில்லை. வாசகன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அசையாத படத்தைக் காட்டு என்று பக்கத்தை எழுதுகிறவர் சொல்லிவைக்க வேண்டும். நாலைந்து வரி வேலை. மாதிரிப் பக்கத்தில் அந்த நாலைந்து வரி இல்லை.

எனவே நான் கேட்பது இது. இறகை எடுத்துவிடுங்கள். அதற்கு எந்தப் பொருளும் இல்லை. பறவை எங்கே என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. சந்தா விவரத்தை நிறுத்தி எழுதுங்கள். அந்த ஆசிரியை அம்மா போன்றவர் விரல் வைத்துப் படிக்கட்டும்; அவரைப் போன்ற ஒருவர் சந்தா கட்டினால் அது நமக்குக் கௌரவம். 'புதிது' போகட்டும், தேதி வரட்டும். கவிஞரின் படத்தடியில் விளக்கு இருக்கலாம், அசையாமல். அவர் உயிரோடு இருந்தபோது கூட்டங்களில் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். துடிக்கும் சுடர் அஞ்சலி அல்ல, கடைவாசல் விளக்கு.

'க' இருக்கட்டும். ஆனால் அதன் பூஜ்யத்தையும் எடுத்துவிடுங்கள். இப்போது அது கூட்டல் குறியிலிருந்து 'க' வரை வந்து, சட்டென்று மறுபடி கூட்டல் குறியாகி விடுகிறது. இரண்டாயிரம் வருஷத்தை நாலு வினாடிக்கு ஒரு தடவை தூக்கி எறிகிறோம். வாசகன் தொட்டால் ஓடட்டும். ஒரு தடவை ஓடி, நாம் இன்று எழுதும் 'க'வில் வந்து நிற்கட்டும். மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி தொடட்டும். அவன் விரல், அவன் வேகம்.

இதில் எதையும் ஏற்க முடியாது என்று ஆசிரியர் குழு முடிவு செய்தால் என் கட்டுரைகளை அந்தத் தளத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சில் மட்டும் வரட்டும். அங்கே என் மோசமான வாக்கியங்களையாவது ஒருவர் நிம்மதியாகப் படித்துத் திட்ட முடியும். இது மிரட்டல் அல்ல. என்னுடைய கட்டுரை இல்லாததால் அந்தப் பக்கத்துக்கு வரும் நஷ்டம் பெரிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாளில் எதை வைக்கக் கூடாது என்பதைப் பற்றி இவ்வளவு காலம் பேசியவர்கள், தாள் கண்ணாடியாக மாறியதும் அதை மறந்துவிட்டோம் என்று பதிவாக வேண்டாம்.

இதை எழுதி முடிக்கும்போது மாதிரிப் பக்கம் மேஜைமேல் திறந்துதான் இருக்கிறது. இறகு இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.